சிப்பின் முழுப்பெயரைப் படித்து வாங்குங்கள்

கேள்வி: மிடி கண்ட்ரோலர் (கணினியில் இசையை இயக்கும் பொத்தான் பெட்டி) செய்ய, நிரல் ஏற்றிப் பயன்படுத்தும் ப்ரோ மைக்ரோ போர்டு வாங்கினேன். கணினியில் செருகினால் விளக்கு எரிகிறது. ஆர்டுயினோ மென்பொருளின் போர்ட் (இணைப்பு வாசல்) பட்டியலில் எதுவும் வரவில்லை. பூட்லோடர் (கணினியிலிருந்து வரும் நிரலைச் சிப்பில் பதிக்கும் சிறு நிரல்) இல்லாத போர்டைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் கேபிளில் தகவல் கம்பிகள் இருப்பதில்லை.

கேள்வி: தனியாக வாங்கிய ஐந்து ஏடிமெகா328 சிப்களிலும் பூட்லோடர் ஏறவில்லை. சிக்னேச்சர் (சிப்பின் அடையாள எண்) பொருந்தவில்லை என்று திரையில் வருகிறது. விற்றவரோ, “எல்லாம் ஒன்றுதான், உங்களுக்குத்தான் ஏற்றத் தெரியவில்லை” என்கிறார். ஐந்துமே போலியா?

பதில்: சிப் போலியாக இருக்கவேண்டும் என்பதில்லை. விற்றவர் சொன்னதுதான் பொய். இந்த விஷயத்தில் எனக்குப் பழைய பகை உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏடிமெகா328 என்று ஒரு சிப், 328பி என்று இன்னொன்று, 328பிபி என்று மூன்றாவது. பலரும் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் இருப்பது 328பி. விற்பனைப் பக்கத்தில் அந்த ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு, படத்தில் மட்டும் ‘பி’ உள்ள சிப்பைக் காட்டுவதை வெறும் கவனக்குறைவு என்று ஒரு காலத்தில் நம்பினேன். பத்துச் சிப் வாங்கி ஏமாந்த பிறகு நம்புவதில்லை. பத்தையும் ஒவ்வொன்றாகச் சாக்கெட்டில் அழுத்தி, வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையே போயிற்று. கடைசியில் பூதக்கண்ணாடியில் சிப்பின் முதுகைப் படித்தேன். 328, ஒரு சிறு கோடு, அப்புறம் ‘பியூ’. கோட்டுக்குப் பின்னால் வரும் அந்த ‘பியூ’ உறையின் வகையைச் சொல்வது. நமக்கு வேண்டிய ‘பி’ கோட்டுக்கு முன்னால் இருக்கவேண்டும்.

உங்கள் திரையில் வரும் சிக்னேச்சரின் கடைசி இரண்டு குறிகளைப் பாருங்கள். 0எஃப் என்றால் 328பி. 14 என்றால் வெறும் 328. 16 என்றால் பிபி. எல்லாமே சுழியமாக வந்தால் சிப்பைக் குறை சொல்லாமல் வயரிங்கைச் சரிபாருங்கள். 14 வந்தால் சிப்பைத் தூக்கி எறியவேண்டாம். மினிகோர் என்ற இலவசப் போர்டு தொகுப்பை ஆர்டுயினோ மென்பொருளில் சேர்த்து, ‘பி’ இல்லாத 328ஐத் தேர்ந்தெடுத்தால் பூட்லோடர் ஏறிவிடும். ‘பி’ என்பது மின்சிக்கனத்துக்கானது. மிடி பெட்டிக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் 328பி என்று எழுதி விற்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். சிப்பின் முதுகையும் விற்பனைப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: மலிவான ஊனோ நகல் வாங்கினேன், சிஎச்340 உள்ளது. மிடி கருவியாகக் கணினி அதை அடையாளம் காணவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: எந்தக் காரணத்தைச் சொல்லி? விற்றவர் மிடி என்று ஒரு வார்த்தை சொன்னாரா? சிஎச்340 யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிப், அவ்வளவுதான். அதன் வேலையை மாற்றி எழுத முடியாது. அசல் ஊனோ ஆர்3இல் அந்த இடத்தில் இருக்கும் 16யூ2 என்ற சிப்பில் மிடி ஃபெர்ம்வேர் (சிப்பின் உள்நிரல்) ஏற்றலாம். ப்ரோ மைக்ரோ போல, யூஎஸ்பியைத் தன்னுள்ளேயே கொண்ட 32யூ4 சிப் உள்ள போர்டுக்கு அந்தச் சுற்றுவழியே தேவையில்லை. இவையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன் படிக்கவேண்டியவை.

கேள்வி: 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் ப்ரோ மைக்ரோ கேட்டேன். நிரல் ஏற்றியதும் போர்டு கணினியிலிருந்து மறைந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் வந்திருப்பது 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ். “நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்கிறார் விற்றவர்.

பதில்: நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. கேட்டது ஒன்று, அனுப்பியது வேறொன்று. மாற்றித் தரவேண்டியது அவர் கடமை, விடாதீர்கள். போர்டும் சாகவில்லை. 16 என்று நம்பி எழுதிய நிரலால் 8இல் யூஎஸ்பியின் கடிகாரம் பிசகிவிட்டது. மென்பொருளில் 8 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்து நிரலை ஏற்றச் சொல்லுங்கள். நிரல் தொகுப்பு (கம்பைல்) முடிந்து போர்ட்டைத் தேடும் வேளையில் ரீசெட் முனையைக் கிரவுண்ட் முனையோடு சட்டென்று இரண்டு முறை தொட்டு எடுங்கள். பூட்லோடர் சுமார் 8 விநாடி விழித்திருக்கும், அதற்குள் ஏறிவிடும். முதல் முறை தவறினால் பதற்றம் வேண்டாம். எனக்கு நான்காவது முறைதான் வாய்த்தது.

கேள்வி: ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியால் கடத்தும் பாகம்) வைத்து மிடி இன் (மிடி உள்ளே வரும் வாசல்) இணைத்த நாளிலிருந்து ஊனோவில் நிரல் ஏறவில்லை. புதுப் போர்டு வாங்கவா?

பதில்: வேண்டாம். 0 எண் முனையில் (பின்) உள்ள வயரைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். நிரலும் மிடியும் அதே வழியாகத்தான் நுழைகின்றன. இது தெரியாமல் நான் வாங்கிய இரண்டாவது போர்டு இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

கேள்வி: வெற்றுச் சிப்பில் பூட்லோடர் ஏற்ற ப்ரோகிராமர் தனியாக வாங்கவேண்டுமா? கையில் ஊனோ ஒன்று இருக்கிறது.

பதில்: வேண்டியதில்லை. அந்த ஊனோவில் ஐஎஸ்பி நிரலை (ஊனோவையே ப்ரோகிராமராக மாற்றுவது) ஏற்றுங்கள். பிறகு அதன் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வையுங்கள், அதன் எதிர்மின் முனை கிரவுண்டுக்கு. ஊனோவின் பூட்லோடர் ஏறியதும் சிப் 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலை (கடிகாரத் துடிப்பு தரும் பாகம்) எதிர்பார்க்கும். அது இல்லாமல் ஏற்றிவிட்டு, சிப் செத்துவிட்டது என்று எனக்கு எழுதாதீர்கள்.