உலகத் தேவை இரட்டிப்பாகும் என்கிறார்கள், பத்து லட்சம் போடலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 28 லட்சம் சேவிங்ஸ் கணக்கிலேயே கிடக்கிறது. தண்டையார்பேட்டையில் சொந்த வீடு, மாடி வாடகை 9,000 வருகிறது, பென்ஷன் 3,800. இரண்டு வருடத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். கூட வேலை பார்த்தவரின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட் அனுப்பினான். அசிட்டால்டிஹைடு என்கிற கெமிக்கலுக்கு உலகத் தேவை பத்து வருடத்தில் இரண்டு மடங்காகுமாம். அதைத் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனி ஷேரில் 10 லட்சம் போடச் சொல்கிறான். நமக்குத் தெரிந்த துறைதானே, போடலாமா?

பதில்: அண்ணா, பத்து லட்சம் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி ரிப்போர்ட் இன்னும் பல வரும், அப்போதும் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் அந்த 'இரண்டு மடங்கு'. பத்து வருடத்தில் இரட்டிப்பு என்றால் வருடத்துக்கு 7 சதவீதம் சொச்சம் வளர்ச்சி, அவ்வளவுதான். அதுவும் உலகம் முழுக்க விற்கிற சரக்கின் கணக்கு, ஒரு கம்பெனியின் லாபக் கணக்கு இல்லை. தேவை கூடும்போதே லாபம் குறைவது கெமிக்கல் தொழிலில் சாதாரணமாக நடக்கிற விஷயம். 2020, 2021-ல் சீனாவுக்கு மாற்று இந்தியா என்ற பேச்சில் ரசாயனப் பங்குகள் தாறுமாறாக ஏறின. அப்புறம் சீன ஆலைகள் குறைந்த விலையில் சரக்கைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்ததும், நல்ல கம்பெனிகளுக்குக்கூட லாபம் சரிந்தது, உச்சத்தில் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அசிட்டால்டிஹைடுக்கு வருவோம். இது 20 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நம் ஊரில் மார்கழி ராத்திரியில்கூட 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம், அதனால் நைட்ரஜன் போட்டு, குளிரூட்டி, அழுத்தத் தொட்டியில்தான் வைக்க வேண்டும். தீப்பிடிக்கிற சரக்கு, கப்பலிலும் லாரியிலும் தூரமாகக் கொண்டுபோவது செலவும் ஆபத்தும். ஆகவே பெரும்பாலும் தயாரிக்கிற ஆலையே அதை அடுத்த பொருளாக மாற்றிவிடுகிறது. பிரிடின், பிக்கோலின், பென்டாஎரித்ரிடால் என்று போகும். பிரிடின் பூச்சிமருந்து, களைக்கொல்லிப் பக்கம், பென்டாஎரித்ரிடால் பெயின்ட் பிசின் பக்கம். எனவே அசிட்டால்டிஹைடுக்கு எவ்வளவு தேவை என்பதை விட, அந்தக் கம்பெனி கடைசியில் எதை விற்கிறது, யாரிடம் விற்கிறது என்பதுதான் கேள்வி. பெயின்ட் வியாபாரம் மந்தமானால் ஒரு கம்பெனி அடிபடும், களைக்கொல்லிக்கு ஒரு நாடு தடை போட்டால் இன்னொன்று அடிபடும். 2013-ல் இந்தியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் போன பிரிடினுக்குச் சீனா பொருள் குவிப்புத் தடுப்பு வரி, அதாவது வெளிநாட்டுச் சரக்கை மலிவாகக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கிற வரி, போட்டது. உலகத் தேவை அப்படியே இருந்தாலும், ஒரு பெரிய வாசல் ஒரே உத்தரவில் சுருங்கிவிடும்.

இன்னொரு பழைய கதையும் இருக்கிறது, அந்த ரிப்போர்ட்டில் கண்டிப்பாக இருக்காது. ஒரு காலத்தில் உலகில் அசிட்டால்டிஹைடைப் பெருமளவு தின்றது அசிட்டிக் அமிலத் தயாரிப்புதான். எத்திலினிலிருந்து அசிட்டால்டிஹைடு எடுக்கும் வாக்கர் முறை 1950-களின் கடைசியில் வந்தபோது, இதற்கு முடிவே இல்லை என்றுதான் தோன்றியிருக்கும். 1970 வாக்கில் மான்சாண்டோ என்ற அமெரிக்கக் கம்பெனி, மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து நேரடியாக அசிட்டிக் அமிலம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1996-ல் பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி அதையே இன்னும் மலிவாக்கியது. அசிட்டிக் அமிலத்துக்கான தேவை கூடிக்கொண்டேதான் போனது, ஆனால் அசிட்டால்டிஹைடு வழியாகச் செய்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேறு வழி ஒன்று மலிவாகிவிட்டால் வாடிக்கையாளர் அந்தப் பக்கம் போய்விடுவார். இன்னொரு பொருள் செய்வதற்காகவே தயாராகும் இடைநிலைப் பொருளுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

அடுத்து மூலப்பொருள். இது உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை, ரிஃபைனரி ஷட்டவுன் என்றால் பக்கத்து ஆலைகளில் என்ன ஆகும் என்று மணலியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தியாவில் அசிட்டால்டிஹைடு பெரும்பாலும் எத்தனால் என்ற ஆல்கஹாலிலிருந்துதான் தயாராகிறது. கணக்குப்படி ஒரு டன் அசிட்டால்டிஹைடுக்குக் குறைந்தது 1,046 கிலோ எத்தனால் வேண்டும், அதாவது சுமார் 1,325 லிட்டர், ஆலையில் வீணாவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் டன்னுக்கு 6,600 ரூபாய்க்கு மேல் செலவு ஏறுகிறது. இந்த எத்தனாலுக்கு இப்போது பெட்ரோல் போட்டிக்கு நிற்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை அரசு 2025-லேயே எட்டிவிட்டது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது ஞாபகம் இருக்கும். மழை, கரும்பு, அரசாங்க முடிவு எல்லாம் சேர்ந்து நிர்ணயிக்கிற விலையை ஒரு சின்ன கம்பெனி வாடிக்கையாளர் தலையில் ஏற்ற முடியாது, சீனா விலையைக் காட்டி அவர் மறுத்துவிடுவார்.

துறை தெரியும் என்கிறீர்கள். தெரியும்தான், ஆனால் ஆலை ஓட்டத் தெரிவது வேறு, அந்த ஷேரை என்ன விலைக்கு வாங்கலாம் என்று தெரிவது வேறு. உங்கள் அனுபவத்தை வேறு மாதிரி பயன்படுத்துங்கள். அந்தத் தம்பியிடம் கம்பெனியின் ஐந்து வருட ஆண்டறிக்கை கேளுங்கள். மூலப்பொருள் செலவு விற்பனையில் எத்தனை சதவீதம், கடன் எவ்வளவு, எத்தனை வாடிக்கையாளர் என்று அதில் பாருங்கள், பிளான்ட் எத்தனை சதவீதத் திறனில் ஓடுகிறது என்பதையும் விசாரியுங்கள். அந்தக் கடைசி எண்ணை என்னைவிட நீங்கள் நன்றாகப் படிப்பீர்கள். அந்தத் தம்பி காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவரானால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவு எண்ணையும் கேட்டு, செபி இணையதளத்தில் சரிபாருங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

சரி, 28 லட்சத்தை என்ன செய்வது? 15 லட்சத்தைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். உச்சவரம்பு 30 லட்சம், ஐந்து வருடத் திட்டம், 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கைக்கு வரும், மாதக் கணக்கில் 10,250. வாடகையும் பென்ஷனும் சேர்த்தால் மாதம் 23,000 சொச்சம். நீங்களும் அண்ணியும் யாரிடமும் கேட்காமல் இருக்கலாம். இந்த வட்டிக்கு வரி உண்டு, போடும்போதே அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு 8 லட்சம், இரண்டு வங்கிகளில் நாலு நாலாக ஃபிக்சட் டெபாசிட். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு, அதனால்தான் பிரிக்கச் சொல்கிறேன். சேவிங்ஸ் கணக்கு உள்ள வங்கியில் இதைப் போடவேண்டாம், அங்கே இருக்கும் பணத்தோடு சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டிவிடும். இரண்டு வருடத்தில் வேண்டிய பணம் ஷேர் பக்கமே போகக்கூடாது, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற மாதம் சந்தை விழுந்திருந்தால் காத்திருக்க முடியாது. ஆஸ்பத்திரி, அவசரச் செலவுக்கு 3 லட்சம் சேவிங்ஸிலேயே இருக்கட்டும்.

மிச்சம் 2 லட்சம். அதில் ஒன்றரை லட்சத்தை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது ஐம்பது பெரிய கம்பெனிகளில் பணத்தைப் பரப்பிப் போடும் ஃபண்டில், மாதாமாதம் கொஞ்சமாகப் போடுங்கள், ஏழெட்டு வருடம் தொடாமல் இருக்க முடிந்தால் மட்டும். ஆண்டறிக்கையைப் படித்த பிறகும் அந்தக் கம்பெனி மேல் நம்பிக்கை இருந்தால் 50,000 போடுங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம்.

சேமிப்புத் திட்டக் கணக்கை அண்ணியோடு கூட்டுக் கணக்காகவே திறங்கள். உங்களுக்கு ஒன்று ஆனாலும் முடிக்காமல் அவர் தொடரலாம். பான், ஆதார், புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், பணத்தைக் காசோலையாகக் கொடுங்கள்.