ஊர் இரண்டுபட்டதால் வந்த வேலை: அதை நம்பி மாடி வீடு கட்டலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 29 வயது. திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம். பிளஸ் டூ முடித்ததும் ஹாஸ்டலில் தங்கி செல்போன் கம்பெனி வேலைக்கு வந்தேன். முதல் நாலைந்து வருடம் கான்ட்ராக்ட். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் அசெம்ப்ளி ஆலையில் லைன் லீடர். கைக்கு 29,000 வருகிறது. கணவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறார். அவருக்கு 22,000. மூன்று வயதில் ஒரு மகள். வீட்டு வாடகை 8,000 சேர்த்து மாதச் செலவு 30,000. சீட்டு 5,000 கட்டுகிறோம், சில மாதங்களில் முடிந்து ஒன்றரை லட்சம் வரும். ஃபிக்ஸட் டெபாசிட் மூன்றரை லட்சம், நகை 10 பவுன்.

சுங்குவார்சத்திரம் பக்கம் மாமனார் கொடுத்த மனை இருக்கிறது. கீழே எங்களுக்கு ஒரு வீடு, மேலே கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட இரண்டு போர்ஷன் என்று மேஸ்திரி 30 லட்சம் கணக்குச் சொல்கிறார். வங்கி 28 லட்சம் தரத் தயார். "மேல்வீட்டு வாடகை 14,000, நீங்கள் கட்டும் வாடகை மிச்சம் 8,000, கடனை வீடே அடைத்துவிடும்" என்கிறார்கள். மீதிப் பணத்துக்கும் மர வேலைக்கும் டெபாசிட்டை எடுக்கலாம், போதாவிட்டால் நகையை விற்கலாம் என்பது கணவரின் யோசனை. கூட வேலை பார்ப்பவர் மேனுஃபேக்சரிங் மியூச்சுவல் ஃபண்டிலும் அமெரிக்க ஃபண்டிலும் மாதாமாதம் எஸ்ஐபி போடச் சொல்கிறார்.

என் அண்ணன் திருப்பூரில் டெய்லர். 2025-ல் அமெரிக்கா வரி போட்டதும் வாரத்தில் மூன்று நாள்தான் அவருக்கு ஷிஃப்ட் கிடைத்தது. அதைப் பார்த்ததில் இருந்து எனக்குப் பயம். அமெரிக்காவும் சீனாவும் ராசியாகிவிட்டால் எங்கள் லைன் என்ன ஆகும்? இந்த நேரத்தில் வீடு கட்டலாமா?

— ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டுக் கடன் கேட்டு எழுதுகிறவர்கள் வட்டி எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். அந்த யோசனை சரியானது. வீடு கட்டலாம், ஆனால் இந்த வீட்டை இந்தக் கடனில் கட்ட வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். உங்கள் ஆலை எந்த போன் செய்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஐபோன் கதையைச் சொன்னால் மற்றதும் புரியும். 2018-ல் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு வரி போட ஆரம்பித்தது. 2019-ல் சீன போன் கம்பெனி ஹுவாவேயைத் தடைப்பட்டியலில் வைத்தது. 2020 ஜூனில் சீன எல்லையில் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள், அந்த மாதக் கடைசியில் இந்தியா டிக்டாக் உட்பட 59 சீன செயலிகளைத் தடை செய்தது. அதே 2020-ல்தான் இங்கே போன் தயாரித்தால் ஊக்கத்தொகை தரும் பி.எல்.ஐ. திட்டமும் வந்தது. 2022 நவம்பரில் சீனாவின் செங்சோவில் இருக்கும் பெரிய ஐபோன் ஆலையில் கொரோனா கட்டுப்பாட்டாலும் சம்பளத் தகராறாலும் கலவரமே நடந்தது. எல்லாவற்றையும் சீனாவிலேயே வைத்திருப்பது ஆபத்து என்று கம்பெனிகள் முடிவு கட்டின. அந்த முடிவு நம் சிப்காட்டுக்குள் ஷிஃப்ட்டாக வந்து இறங்கியது. 2025 மே மாதம் ஆப்பிளின் டிம் குக், அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வரும் என்றார். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதி எழும்பியதும் இந்த வேகத்தில்தான்.

சரி, ஊர் ஒன்றுபட்டால்? கூத்தாடி அடுத்த ஊர் பார்க்க வேண்டும். அதுதானே உங்கள் பயம். ஆனால் அந்த ஒரு வழி மட்டும் இல்லை. டிம் குக் பேசிய அதே மாதத்தில், போனை இந்தியாவில் செய்வதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளிப்படையாகவே சொன்னார். அமெரிக்காவில் செய்யாத ஐபோனுக்கு 25 சதவீதம் வரி என்றும் மிரட்டினார். ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி வந்தபோது போன்களுக்கு விலக்கு இருந்தது, பனியன்களுக்கு இல்லை. உங்கள் அண்ணனின் ஷிஃப்ட் குறைந்து உங்கள் ஷிஃப்ட் தப்பியதற்கு அந்த விலக்கு ஒன்றுதான் காரணம். உங்கள் இருவரின் உழைப்பிலும் எந்த வித்தியாசமும் இல்லை. இன்னொரு பக்கம், 2025 ஜூலையில், ஐபோன் செய்துதரும் ஃபாக்ஸ்கான் கம்பெனியின் இந்திய ஆலைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திரும்பிப் போனதாகச் செய்தி வந்தது. இயந்திரமும் அங்கிருந்து வருகிறது, அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

இதனால் நாளைக்கே உங்கள் லைன் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவின் மின்னணு ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு போல தமிழ்நாட்டிலிருந்து போகிறது. இவ்வளவு பெரிய ஏற்பாட்டை ஒரே இரவில் யாரும் மூட்டை கட்ட மாட்டார்கள். ஆனால் உங்கள் ஊர் ஒரு முறை இதைப் பார்த்திருக்கிறது. 2006-ல் வந்த நோக்கியா ஆலையில் உச்சத்தில் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கால் சென்னை ஆலை கைமாற முடியாமல் நின்றது. 2014 நவம்பரில் மூடினார்கள். பாகம் கொடுத்துக்கொண்டிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த ஆண்டு டிசம்பரில் நின்றது.

அடுத்த வருடம் என்னிடம் ஒரு தம்பதி வந்தார்கள். அந்த வளாகத்தை நம்பியிருந்த ஒரு சிறு கம்பெனியில் கணவருக்கு வேலை. உங்களைப் போலவே மேலே மூன்று அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். கணக்குப் பார்க்க வீட்டுக்குப் போனேன். மூன்று கதவிலும் பூட்டு. மாடிப்படிக் கம்பியில் "வீடு வாடகைக்கு" என்று அட்டை தொங்கியது. மழையில் மை கரைந்து போன் நம்பரின் கடைசி இரண்டு எண் தெரியவில்லை. அந்த அம்மா ஒரு பேனாவை எடுத்து வந்து என் முன்னாலேயே அந்த எண்களை மறுபடி எழுதினார். தெருவில் அடுத்த நாலு வீட்டிலும் அதே அட்டை தொங்கியது. கணவரின் சம்பளமும் வீட்டு வாடகையும் ஒரே மாதத்தில் நின்றன. வீட்டை விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை, ஏனென்றால் மனை விலையும் அதே ஆலையை நம்பித்தான் ஏறியிருந்தது. பிற்பாடு அதே நோக்கியா கட்டிடத்துக்கு சால்காம்ப் என்ற கம்பெனி வந்து சார்ஜர் செய்ய ஆரம்பித்தது, ஊர் மீண்டது. ஆனால் நடுவில் ஐந்தாறு வருடம் போய்விட்டது. இஎம்ஐ அத்தனை வருடம் காத்திருக்காது.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். ஒரே கிணற்றை நம்பி நாலு வயலில் நடவு போடுகிறீர்கள். உங்கள் சம்பளம், மேல்வீட்டு வாடகை, மனையின் மதிப்பு, நண்பர் சொன்ன ஃபண்டுகள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர். மேலே குடிவரப்போவதும் இதே சிப்காட்டில் வேலை செய்யும் பெண்கள்தான். உங்கள் லைன் நின்றால் அவர்கள் லைனும் நின்றிருக்கும். "கடனை வீடே அடைத்துவிடும்" என்ற கணக்கு, எல்லாம் நன்றாக நடக்கும் மாதத்துக்கு மட்டும் போட்ட கணக்கு. கணவர் கார் தொழிலில் இருப்பது ஓரளவு நல்லது, அது வேறு கிணறு. ஆனால் அதிலும் தண்ணீர் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் மோட்டார்களுக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் கார், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனிகள் திணறின.

28 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் இஎம்ஐ சுமார் 24,300. உங்கள் வேலை ஒரு வருடம் இல்லை என்று வையுங்கள். வாடகை போக உங்கள் வீட்டுச் செலவு 22,000. கணவர் சம்பளம் அதற்கே சரியாகப் போய்விடும். மேல்வீடும் காலியாக இருந்தால் 24,300-க்கு எங்கே போவீர்கள்? டெபாசிட்டைத்தான் மரவேலையில் போட்டாயிற்றே.

அதனால் என் யோசனை இது. கீழ்வீட்டை மட்டும் கட்டுங்கள். 650 சதுர அடிக்கு 15 லட்சம் போல ஆகும். சீட்டுப் பணத்தில் ஒரு லட்சம் போடுங்கள், 14 லட்சம் மட்டும் கடன் வாங்குங்கள். இஎம்ஐ சுமார் 12,150. வாடகை 8,000 மிச்சமாவதால் மாதம் நாலாயிரத்துச் சொச்சம்தான் கூடுதல் பாரம். மூன்றரை லட்சம் டெபாசிட்டைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் வேலை போனாலும் அந்தப் பணம் மட்டுமே இரண்டு வருடத்துக்கு மேல் இஎம்ஐ கட்டும். கட்டி முடியும்வரை இப்போதைய வாடகை வீட்டிலேயே இருந்து, கடனோடு வாடகையும் தருவதால் முதல் சில மாதம் இடிக்கும், மிச்ச சீட்டுப் பணம் அதற்குத்தான்.

நகையை விற்க வேண்டாம், மேலும் வாங்கவும் வேண்டாம். 2022-ல் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கியதும், டாலரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று பல நாட்டு மத்திய வங்கிகள் தங்கம் வாங்க ஆரம்பித்தன. மூன்று வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கின. 2025 டிசம்பரில் சென்னையில் சவரன் ஒரு லட்சத்தைத் தாண்டியதில் இதற்கும் பெரிய பங்கு உண்டு. உங்கள் 10 பவுன் இப்போதே உங்கள் மற்ற சேமிப்பு எல்லாவற்றையும் விடப் பெரிது. நாடுகள் முறைத்துக்கொள்ளும்போது விலை ஏறும் பொருள் உங்களிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அவசரம் என்றால் நகைக்கடன் வாங்கலாம், அதுவும் டெபாசிட் தீர்ந்த பிறகு.

நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் மேனுஃபேக்சரிங் ஃபண்ட் என்பது உங்கள் கம்பெனி போலப் பொருள் தயாரிக்கும் கம்பெனிகளின் பங்குகள்தான். அமெரிக்கத் தொழில்நுட்ப ஃபண்டில் முன்வரிசையில் இருப்பது ஆப்பிளும் சிப் கம்பெனியான என்விடியாவும். சீனாவின் டீப்சீக் என்ற ஏ.ஐ. வந்த பரபரப்பில் 2025 ஜனவரி 27-ம் தேதி ஒரே நாளில் என்விடியா பங்கு 17 சதவீதம் விழுந்தது. அப்புறம் மீண்டது, உண்மை. ஆனால் அதைப் பொறுத்திருந்து பார்க்கும் வசதி மூன்று வயதுக் குழந்தையும் வீட்டுக் கடனும் உள்ள வீட்டுக்கு இப்போது இல்லை. இந்தியாவின் 50 பெரிய கம்பெனிகளில் பரவலாகப் போடும் சாதாரண நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 4,000 போடுங்கள், மகள் படிப்புக்கு. மாடிக்கென்று தனியாக 5,000 ரெக்கரிங் டெபாசிட்.

காப்பீடு விஷயத்தில் தள்ளிப்போடாதீர்கள். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலை இருக்கும் வரைதான். சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இருவருக்குமே இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இல்லாமல் இருக்கலாம். குடும்பத்துக்குத் தனியாக 5 லட்சத்துக்கு ஒரு மருத்துவ பாலிசி, இருவர் பெயரிலும் தலா 50 லட்சத்துக்கு டேர்ம் ஆயுள் பாலிசி எடுத்த பிறகு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கான்ட்ராக்டில் இருந்த வருடங்களின் பி.எஃப். எந்த எண்ணில் கிடக்கிறது? கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் யுஏஎன் என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணைப் புதிதாகப் போட்டிருக்கலாம். பழைய பே ஸ்லிப் எல்லாவற்றையும் எடுத்து, யுஏஎன் வரியை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். வேறு வேறாக இருந்தால் ஒன்றாக இணைக்க விண்ணப்பியுங்கள். பத்து வருடச் சேவை சேர்ந்தால்தான் பி.எஃப். பென்ஷனுக்குத் தகுதி, அந்தப் பத்தை நீங்கள் ஏறக்குறைய தொட்டுவிட்டீர்கள். வீடு கட்ட அந்தப் பணத்தை எடுத்துத் தரச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கிடைத்த பணம் அது.

ஆலையில் மெஷின் பராமரிப்புப் பயிற்சி கொடுத்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள். சீனப் பொறியாளர்கள் விட்டுப்போன இடத்தில் நிற்கத் தெரிந்தவருக்கு, போன் லைன் நின்றாலும் வேறு லைனில் இடம் கிடைக்கும்.

மேஸ்திரியிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பில்லரும் அஸ்திவாரமும் மாடியைத் தாங்கும்படி இப்போதே போட்டுவிட வேண்டும், படிக்கட்டுக்கும் இடம் விட வேண்டும். செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை அப்படியே விடாமல், சிமென்ட் பால் அடித்து, மேலே லேசாகக் கலவை போட்டு மூடச் சொல்லுங்கள். ரெக்கரிங் டெபாசிட் சேர்ந்து மாடி எழுப்பும் நாளில் அந்தக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும்.