பெயரைக் கேட்டதுமே சிரிக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறிய தொண்டு அமைப்பு. கணினிப் பொறுப்பு என்னுடையது. படம் திருத்த கிம்ப், வீடியோ வெட்டி ஒட்ட கேடென்லைவ், ஆவணங்களுக்கு லிப்ரெஆபிஸ் என்று, யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்களுக்கு மாறலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். அவை என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. பெயர்களைக் கேட்டுச் சிரித்தார்கள். "யாரோ பொழுதுபோக்குக்குச் செய்தது போல இருக்கிறதே" என்று சொல்லி இயக்குநரும் தள்ளிப் போட்டுவிட்டார். பெயர் வெறும் சாக்குதானா? நானே வேறு பெயர் வைத்து நிறுவிக் கொடுக்கலாமா?

பதில்: சாக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். விளம்பரத்துக்குப் பணம் இல்லாத மென்பொருள் வாய்வழியாகத்தான் பரவுகிறது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் சரியாகக் காதில் வாங்கி, மறக்காமல் வைத்திருந்து, பிறகு தேடுபெட்டியில் தட்ட வேண்டும். நடுவில் எங்கே பெயர் தடுக்கினாலும் அத்துடன் முடிந்தது.

கேடென்லைவையே எடுத்துக்கொள்வோம். ஒரு நண்பருக்குத் தொலைபேசியில் இந்தப் பெயரைச் சொன்னேன். அவர் "கே" என்ற எழுத்து, பத்து என்ற எண், அப்புறம் "லைவ்" என்று தட்டிவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்றார். நேரலை ஒளிபரப்பும் மென்பொருளோ என்ற சந்தேகம் வேறு. கேடிஈ நான்-லீனியர் வீடியோ எடிட்டர் என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். கேடிஈ என்பது அதை உருவாக்கும் கட்டற்ற மென்பொருள் குழு. நேரலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எழுத்து எழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஆர்வம் பாதி போய்விட்டது.

கிம்ப்பின் சிக்கல் வேறு. 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் தொடங்கிய மென்பொருள் அது. ஜெனரல் இமேஜ் மேனிபுலேஷன் புரோகிராம் என்பதன் சுருக்கம், பிறகு முதல் சொல் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பெயராக மாறியது. ஆங்கிலத்தில் அந்தச் சுருக்கம் கால் ஊனமுற்றவரை இழிவாகச் சொல்லும் சொல். தமிழ்க் காதுக்கு அது உறைக்காது. நமக்குக் குழப்பம் ஜிம்ப்பா கிம்ப்பா என்பதில்தான். ஆனால் உங்கள் அறிக்கையை ஆங்கிலம் பேசும் நன்கொடையாளர்கள் படித்தால் அவர்களுக்கு உறைக்கும். பெயரை மாற்றப் போவதில்லை என்று கிம்ப் குழு சொல்லிவிட்டது. உறுத்தினால் முழுப் பெயரைப் பயன்படுத்துங்கள் என்பதும் அவர்கள் சொல்வதுதான். இயக்குநருக்கு எழுதும் குறிப்பில் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

விசித்திரமாக இருப்பதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. பயர்பாக்ஸ் என்ற பெயரில் இணைய உலாவி என்பதற்கான அடையாளம் எங்கே இருக்கிறது? அது முதலில் ஃபீனிக்ஸ், 2003-ல் ஃபயர்பேர்ட், 2004-ல்தான் பயர்பாக்ஸ். சட்டச் சிக்கலும் வேறொரு திட்டத்தின் பெயரோடு மோதலும் வந்து மாற்றினார்கள். கடைசியில் கிடைத்தது சொல்ல எளிது, எழுத எளிது, தேடினால் அது மட்டுமே வரும். அது போதும். கூச்சம் வரவைக்கும் பெயரை மனமுவந்து மாற்றியவர்களும் உண்டு. கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் கோக் என்ற பிரெஞ்சு மென்பொருளின் பெயர் ஆங்கிலக் காதுக்கு ஆபாசமாக ஒலித்தது. 2025-ல் அது ராக் என்ற பெயரில் வெளிவந்தது.

எதிர்த் திசையில் போனாலும் இடிக்கும். லினக்ஸ் கணினிகளுக்குத் திரை இடைமுகம் செய்யும் குனோம் குழு தன் உலாவிக்கு வெப் என்றும், கோப்பு மேலாளருக்கு ஃபைல்ஸ் என்றும் பெயர் காட்டத் தொடங்கியது. மெனுவில் பார்த்தால் குழப்பமே இல்லை. ஆனால் வெப் திறக்கவில்லை என்று தேடிப் பாருங்கள், உலகத்தில் உள்ள எல்லாம் வரும், அது மட்டும் வராது.

அதனால் பெயரை அழித்துவிடாமல், அதற்கு முன்னால் வேலையைச் சேர்த்து வையுங்கள் என்பதே என் ஆலோசனை. மெனுவில் "படம் திருத்த – கிம்ப்", "வீடியோ தொகுக்க – கேடென்லைவ்" என்று தெரியட்டும். விண்டோஸில் குறுக்குவழியின் பெயரை மாற்றினாலே போதும். லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் டாட் டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு சிறிய உரைக்கோப்பு இருக்கும். அதைப் பயனரின் சொந்த அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்து, நகலில் திருத்துங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது உங்கள் மாற்றம் அழியாது. நேம் என்ற வரியில் காட்ட வேண்டிய பெயரை எழுதுங்கள். கணினி தமிழ் இடைமுகத்தில் ஓடினால், தமிழைக் குறிக்கும் டிஏ என்ற மொழிக்குறியோடு இன்னொரு நேம் வரி இருக்கலாம். இருந்தால் அதைத்தான் மாற்ற வேண்டும். கீவேர்ட்ஸ் வரியையும் விடாதீர்கள். போட்டோ, படம், கிராப் என்று உங்கள் ஆட்கள் தட்டக்கூடிய சொற்களை அரைப்புள்ளி போட்டுச் சேர்த்தால், மென்பொருளின் பெயரே தெரியாதவரும் மெனுவில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.

மென்பொருளின் மூல நிரலையே மாற்றி வேறு பெயரில் வெளியிடும் யோசனை இருந்தால் வேண்டாம். உரிமம் தடுக்காது, உழைப்புதான் தாங்காது. கிம்ப்பின் பெயர் பிடிக்காமல் 2019-ல் கிளிம்ப்ஸ் என்று ஒரு கிளை தொடங்கினார்கள். ஒவ்வொரு புதுப் பதிப்பையும் பின்தொடர்ந்து பராமரிக்க ஆள் போதாமல் 2021-ல் நிறுத்திவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு தொடங்கிய வேலை, எனக்கு அதில் வருத்தம்தான்.

சரி, இயக்குநரிடம் வருவோம். பொழுதுபோக்கு என்ற எண்ணத்துக்குப் பெயர் பாதிக் காரணம் என்றால், "இலவசம்" என்ற சொல் மீதிக் காரணம் என்பது என் ஊகம். ஆங்கிலத்தில் ஃப்ரீ என்றால் இலவசமா சுதந்திரமா என்று குழம்பித்தான் 1998-ல் ஓப்பன் சோர்ஸ் என்ற சொல்லையே உண்டாக்கினார்கள். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. கட்டற்ற என்று எழுதுங்கள், அதன் பொருளை ஒரு வரியில் சொல்லுங்கள். கூடவே, 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் பிளெண்டர் என்ற கட்டற்ற மென்பொருளில் உருவானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டாம். லிப்ரெஆபிஸில் தொடங்குங்கள். லிப்ரெ என்று சொல்ல நாக்கு புரளாவிட்டாலும் உள்ளே இருப்பது ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ். தினமும் வாயில் வரப்போவது அவைதான். கிம்ப்பைக் காட்டும்போது பெயரிலிருந்து ஆரம்பிக்காமல், உங்கள் நிகழ்ச்சிப் படம் ஒன்றைத் திறந்து, இருட்டாக விழுந்த முகத்தை அவர்கள் கண்ணெதிரே வெளிச்சமாக்கிக் காட்டுங்கள். இதற்கு என்ன பெயர் என்று அவர்களே கேட்பார்கள். வீட்டுக் கணினியிலும் வேண்டும் என்று கேட்பவருக்குப் பெயரை வாயால் சொல்லி அனுப்பாமல், அதிகாரபூர்வ தளத்தின் சுட்டியையே அனுப்புங்கள். பெயரைத் தப்பாகத் தட்டிப் போலித் தளத்தில் போய் எதையாவது இறக்கிக்கொண்டால், பழி உங்கள் மேல்தான் விழும்.