களைப்போடு வகுப்புக்குப் போகலாமா? – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

துவாஸில் ஒரு ஷிப்யார்டில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க பெர்மிட் தாள்கள், கூட்டங்கள், ஓயாத தொலைபேசி. இந்த வருடத் தொடக்கத்தில் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்தேன். செவ்வாய், வியாழன் இரவு ஏழரை மணிக்கு வகுப்பு. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் உட்காரும்போதே கண் சொக்குகிறது. "இன்னிக்குப் போகத்தான் வேணுமா?" என்று ஒவ்வொரு தடவையும் மனசோடு சண்டை. போனாலும் பாதி நேரம் ஆசிரியர் ஒரே இடத்தில் நிற்கவைத்து முதல் படிவத்தையே, அதாவது முதல் அசைவுத் தொடரையே, செய்யச் சொல்கிறார். களைத்த உடம்போடு கற்பதில் பயன் உண்டா? ஞாயிறு காலை வகுப்புக்கு மாறிவிடலாமா? நீங்கள் நெடுநாளாகத் தைச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பயில்வதாக எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

கதிர், தெம்பனிஸ்

அன்புள்ள கதிர்,

போங்கள். ஞாயிறுக்கு மாற வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் அலுப்பு தலையில்தான் இருக்கிறது என்று தெரிகிறது. 2009இல் வேல்ஸில் உள்ள பாங்கர் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சாமுவேலே மார்க்கோராவின் குழு 16 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. 90 நிமிடம் கணினி முன்னால் கவனம் சிதறாமல் ஒரு வேலை, அது முடிந்ததும் இனி முடியாது என்கிறவரை சைக்கிள் மிதிக்க வேண்டும். இன்னொரு நாள் அதே 90 நிமிடம் ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதிக்க வேண்டும். மூளை உழைத்த நாளில் அவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இதயமும் தசைகளும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் இயங்கின. மிதிப்பது எவ்வளவு கஷ்டமாகத் தோன்றியது என்பதில்தான் வித்தியாசம். எம்ஆர்டியில் உங்களை வீட்டுக்கு இழுப்பதும் அந்தக் கஷ்ட உணர்வுதான். உங்கள் கால்களில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

சரி, உடம்பே ஓய்ந்துபோகிற வேலை செய்பவர்கள்? விங் சுன் ஆசான் இப் மேன் சீனாவின் ஃபோஷான் நகரை விட்டு ஹாங்காங் வந்து 1950இல் விங் சுன் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது உணவகத் தொழிலாளர் சங்கத்தின் இடத்தில்தான். அங்கே அவருடைய முதல் மாணவர்கள் நாளெல்லாம் உணவகங்களில் நின்று உழைத்தவர்கள். புரூஸ் லீ அவரிடம் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு. அதற்கும் முன்னால், 1910இல் ஷாங்காயில் தொடங்கிய சின் வூ கழகம், கடை ஊழியர்களும் குமாஸ்தாக்களும் பெண்களும் வந்து பயிலும்படி சீனத் தற்காப்புக் கலைகளை நகரத்துக்குக் கொண்டுவந்தது. 1920களில் அதன் கிளைகள் நம் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வந்துவிட்டன. நீங்கள் இன்று போகும் மாலை வகுப்பு அவர்கள் போட்ட பாதையில் வந்தது. வேலை முடிந்து வருகிறவர்களை நம்பித்தான் இந்தக் கலை நகரங்களில் பிழைத்திருக்கிறது.

ஆசிரியர் ஒரே இடத்தில் நிற்கவைக்கிறார் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அவர்மேல் மதிப்புதான் வந்தது. அந்த முதல் படிவத்துக்கு சியு நிம் தாவ் என்று பெயர், அது முழுவதையும் ஓர் அடி நகராமல் செய்யவேண்டும். அதன் முதல் பகுதியை மெதுவாகச் செய்யச் சொல்வார்கள். உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, கை நெஞ்சிலிருந்து மெல்ல முன்னே போகும். மணிக்கட்டு சுழன்று, விரல்கள் நிமிர்ந்து, கை அதே வேகத்தில் நெஞ்சருகே திரும்பும். பிறகு மணிக்கட்டு மடங்கி மறுபடி முன்னே. இந்தப் போய்வருதலைப் புத்தருக்கு மூன்று வணக்கம் என்பார்கள். பார்ப்பவர்கள் கண் கையிலேயே இருக்கும். ஆசிரியர் பார்ப்பதோ முழங்கையை. அது உடம்பின் நடுக்கோட்டை நோக்கி உள்ளே வரவேண்டும், தோள் எழும்பக் கூடாது. தெம்பாக இருக்கும் நாளில் தோள் சத்தமில்லாமல் கையைத் தூக்கிக் கொடுத்துவிடும், தப்பு நடப்பதே தெரியாது. நாள் முழுக்கத் திரையும் தொலைபேசியுமாக இருந்து இறுகிப்போன தோள் அப்படி உதவி செய்யாது. இரண்டாவது வணக்கத்திலேயே எரிய ஆரம்பித்துவிடும். எரியும்போது பல்லைக் கடிக்காதீர்கள். மூச்சை விட்டு, தோளை இறக்கி, முழங்கையின் கனத்தை அதன் போக்கில் விடுங்கள். கை இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்ப்பீர்கள். அதைத்தான் அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். களைத்த நாளில் அது சீக்கிரம் பிடிபடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் தைச்சி வகுப்புக்கு மருத்துவமனையில் வேலை முடித்து நேரே வருகிற ஒரு தாதி இருக்கிறார். இருவர் முன்கைகளைத் தொட்டுக்கொண்டு செய்யும் தள்ளுகைப் பயிற்சியில், வேலை நாட்களில் அவரைத் தள்ளவே முடியாது. தள்ளினால் தடுக்க அவர் தோளில் எதுவும் மிச்சமில்லை. இடுப்பு திரும்புகிறது, என் கை காற்றில் போகிறது, நான்தான் தடுமாறுகிறேன். விடுமுறை எடுத்து நன்றாகத் தூங்கி எழுந்து வரும் நாளில் அவரும் எங்களைப் போலவே முட்டிக்கொண்டு நிற்பார். அன்றைக்கு அவரைத் தள்ளிவிடலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். தலை களைத்திருக்கும்போது கை கண்ணுக்குப் பின்னால்தான் வரும். அன்று வேகமான குத்துப் பரிமாற்றம் வேண்டாம். "இன்று மெதுவாகச் செய்கிறேன்" என்று தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், நல்ல ஆசிரியர் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். படிவத்துக்காக ஒரே இடத்தில் நிற்கும்போது முழங்காலின் உட்புறம் வலித்தால் கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்கள். முந்தின இரவு நாலைந்து மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றால் அன்று வகுப்பை விட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்ப் படுங்கள். கை கால் கற்ற அசைவுகளைத் தூக்கத்தில் மூளை உறுதிப்படுத்துகிறது. தூக்கத்தை வெட்டி வகுப்புக்குப் போவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. மாலை வகுப்பை நான் ஆதரிப்பதற்கும் இதுவே பெரிய காரணம்: ஒன்பதுக்கு முடித்து, குளித்து, பதினொன்றுக்குள் படுத்தால் கற்றது சூடு ஆறுமுன் தூக்கத்துக்குள் போய்விடும்.

வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சோபாவில் உட்கார்ந்தால் அன்று வகுப்பு கிடையாது. உடுப்பைக் காலையிலேயே பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து இறங்கியதும் கோப்பிக் கடையில் ஒரு ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை. வெறும் வயிறும் ஆகாது, முழுச் சாப்பாடும் ஆகாது.

ஞாயிறு காலையை முழுக்க விடவும் வேண்டாம். மாதம் ஒரு முறை போய், அங்கே வருகிறவர்களோடு சி சாவ் செய்யுங்கள். எதிராளியின் கை எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதைத் தொட்டே உணர வேண்டிய பயிற்சி அது. தூங்கி எழுந்த தலை வேண்டும்.

அன்புடன்,
அக்கா