500 வருடப் பழைய சட்டப் புத்தகத்தை நம்பி ஓய்வுக்காலத்தைத் திட்டமிடலாமா?

கேள்வி: லண்டனில் வழக்கறிஞராக இருக்கிறேன். வயது 52. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, கையில் 40,000 பவுண்ட் சேமிப்பு இருக்கிறது. இடைக்காலக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் மேல் எனக்கு நெடுநாள் ஈர்ப்பு. போப் ஒன்பதாம் கிரகோரியின் ஆணைத் தொகுப்பு ஒன்று, 1490-களில் வெனிஸில் அச்சானது, 14,000 பவுண்டுக்கு வந்திருக்கிறது. பத்து வருடத்தில் இரண்டு மடங்காகும், ஓய்வுக்காலத்துக்கு உதவும் என்கிறார் வியாபாரி. வாங்கலாமா?

பதில்: ஆசைக்காக வாங்கலாம், ஓய்வுக்காலத்துக்காக வேண்டாம்.

முதலில் அந்த 'இரண்டு மடங்கு' கணக்கைப் பார்ப்போம். பின்னாளில் இதை ஏலத்தில் விற்கிறீர்கள், ஏல நிறுவனம் உங்களிடம் 15% கழிவு எடுக்கிறது என்று வையுங்கள். போட்ட 14,000 அப்படியே திரும்பக் கைக்கு வர, ஏலம் சுமார் 16,470 பவுண்டில் முடிய வேண்டும். வாங்குபவர் அதன் மேல் 25% கட்டணம் கொடுத்தால், அவர் பையிலிருந்து போவது 20,600 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, விலை கிட்டத்தட்ட பாதி ஏறினால்தான் உங்களுக்கு அசலே வரும். பணவீக்கம் தனி. இடையில் வட்டியும் இல்லை, ஈவுத்தொகையும் இல்லை.

விற்பதிலும் சிக்கல் உண்டு. இந்தப் புத்தகங்கள் பழையவைதான், ஆனால் அபூர்வம் என்று சொல்லிவிட முடியாது. 1140 வாக்கில் இத்தாலியின் பொலோனாவில் கிராசியன் என்ற சட்ட அறிஞர் தொகுத்தது, 1234-இல் கிரகோரிக்காகப் பெனாஃபோர்ட் ரெய்மண்ட் தொகுத்தது, 1298-இல் போப் எட்டாம் போனிபாஸ் வெளியிட்ட 'ஆறாம் புத்தகம்', 1317-இல் வந்த 'கிளமெந்தினே' (போப் ஐந்தாம் கிளமெந்தின் ஆணைத் தொகுப்பு) இவையெல்லாம் பல்கலைக்கழகத்துக்கும் ஆயர் நீதிமன்றத்துக்கும் அன்றாடம் தேவைப்பட்டவை. அதனால் அச்சகங்களுக்கு நிச்சய வியாபாரம். மைன்ஸ் நகரில் ஃபுஸ்ட்டும் ஷோஃபரும் 1460-லேயே கிளமெந்தினேயை அச்சிட்டுவிட்டார்கள். கிராசியனின் தொகுப்பை 1471-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் எக்கெஸ்டைன் அச்சிட்டார். அப்புறம் வெனிஸ், பாசல், நூரெம்பெர்க் எனப் பதிப்பு மேல் பதிப்பு.

இன்று வாங்குபவர்கள் யார்? சட்ட வரலாற்றில் பித்துப் பிடித்த சிலரும் நூலகங்களும்தான். பெரிய நூலகங்களில் பெரும்பாலும் ஏற்கெனவே பிரதி இருக்கும். மொழி லத்தீன், அதுவும் சுருக்கெழுத்துகள் நிறைந்தது. திருச்சபையே 1917-இல் புதிய சட்டத் தொகுப்புக்கு மாறிவிட்டது. அவசரத்துக்கு ஒரு வாரத்தில் விற்றுக் காசாக்கும் பொருள் இல்லை இது.

விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கும் அந்தப் பிரதிதான். எல்லாத் தாளும் இருக்கிறதா? சிவப்பு, நீல முதலெழுத்துகள் கையால் எழுதப்பட்டிருக்கின்றனவா? மரப்பலகைமேல் தோல் போர்த்திய அக்காலக் கட்டு தப்பியிருக்கிறதா? நடுவில் மூலம், நாலு பக்கமும் உரை, அதற்கும் வெளியே 15-ஆம் நூற்றாண்டு மாணவன் ஒருவன் கிறுக்கிய குறிப்புகள் இருந்தால் இன்று அதற்குத் தனி மவுசு. இவ்வகைப் புத்தகங்கள் சிலவற்றில் யாரை யார் மணக்கக் கூடாது என்று காட்டும் உறவுமுறை மரப் படம் வரும். (அத்தை மகளைக் கட்டும் நம் ஊர் வழக்கம் அந்த மரத்தில் நேராகத் தடைக் கிளையில் போய் உட்காரும்!) அழகான படம் என்பதால் வெட்டி எடுத்திருப்பார்கள், தாள்களை எண்ணிப் பாருங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இன்குனாபுலா (1501-க்கு முன் அச்சான புத்தகங்கள்) அட்டவணை இணையத்தில் இலவசம். பதிப்பின் எண்ணை அதில் தேடிவிட்டு, தாள் எண்ணிக்கையை வியாபாரியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது, புத்தகம் எங்கிருந்து வந்தது என்பது. நேபிள்ஸின் ஜிரோலமினி நூலகத்தைச் சூறையாடிய வழக்கில் 2012-இல் கைதானவர் அதன் இயக்குநரேதான். இத்தாலிய நூலக முத்திரையைச் சுரண்டிய தழும்பு தெரிந்தால் விலகிவிடுங்கள். எல்லா முத்திரையும் ஆபத்தில்லை: மியூனிக் அரச நூலகம் மடங்களிலிருந்து வந்து குவிந்ததில் மிகுதியை விற்றபோது 'இரட்டைப் பிரதி' என்று முத்திரை குத்தியே விற்றது. புத்தகம் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தால், 1501-க்கு முந்திய அச்சுப் புத்தகம் வெளியே வர, விலை எவ்வளவானாலும், ஏற்றுமதி உரிமம் வேண்டும். அதைக் காட்டாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிரிட்டனில் வரி ஓரளவு சாதகம்தான். ஒரு பொருளை 6,000 பவுண்ட் அல்லது அதற்குக் கீழே விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் ஒரே தொகுதியின் பாகங்களைப் பிரித்து ஒரே ஆளுக்கு விற்றால் ஒன்றாகவே கணக்கிடுவார்கள்.

என் யோசனை: ஆறு மாதச் செலவை வங்கியில் ஒதுக்குங்கள். ஐசா (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) இந்த ஆண்டு அனுமதிக்கும் வரம்பான 20,000 பவுண்டை நிரப்புங்கள். புத்தகத்துக்கு 5,000 பவுண்ட் போதும். அந்தப் பணத்துக்கு லியோனிலோ வெனிஸிலோ 16-ஆம் நூற்றாண்டில் அச்சான பதிப்புகளைத் தேடுங்கள். உரையோடு கூடிய அதே மூலம்தான், ஆனால் இன்குனாபுலா விலை இருக்காது. வாங்கியதும் வீட்டுக் காப்பீட்டில் தனிப்பொருளாகப் பதியுங்கள், பொதுப் பாலிசியில் ஒரு பொருளுக்கென்று உச்சவரம்பு இருக்கும். 14,000 பவுண்ட் பிரதிதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், அந்தப் பணம் போனாலும் 67 வயதில் உங்கள் ஓய்வூதியத் திட்டம் அப்படியே நிற்குமா என்று உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். நிற்கும் என்றால், விலை பேசி வாங்குங்கள். அந்த வியாபாரிகள் பெரும்பாலும் பேரத்துக்கு இறங்குவார்கள்.