அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் வீடு. குட்டன் என்று ஒரு பூனை வளர்த்தோம், நான்கு வயது, நான்கு கிலோ இருப்பான். போன மாதம் இன்னொரு பூனையோடு சண்டை போட்டுக் காலில் கடி வாங்கி, காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சி போகும் வழியில் உள்ள ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் இல்லை. கம்பவுண்டர் போனில் அவரிடம் பேசிவிட்டு ஓர் ஊசி போட்டார். கிளினிக் பெயர் அச்சடித்த சீட்டில் ‘பாராசிட்டமால் 500, அரை மாத்திரை, காலை – இரவு’ என்று எழுதி, மாத்திரையையும் அவரே கொடுத்தார். ஜிபேயில் 450 ரூபாய் கட்டினேன். ராத்திரி அரை, காலையில் அரை கொடுத்தேன். பத்து மணிக்கு முகம் வீங்கி, மூச்சு வாங்கி, ஈறெல்லாம் பழுப்பாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், ‘அலர்ஜிதான், சாயங்காலம் சரியாயிடும்’ என்று கம்பவுண்டர் குரல் பதிவு அனுப்பினார். சாயங்காலம் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினோம். இரண்டு நாள் போராடி இறந்துபோனான். தென்னந்தோப்பில் புதைத்துவிட்டோம். ‘நான் வேறு மருந்து சொன்னேன், பையன் தப்பாகக் கேட்டுவிட்டான். சீட்டைக் கொடுத்துவிட்டு ஐயாயிரம் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிறார் டாக்டர். பூனைக்கெல்லாம் கேஸா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். என் கையால்தான் கொடுத்தேன் என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. கேரளாவில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு டாக்டர் மேல் வழக்குப் போட முடியுமா? போலீசில் சொல்லலாமா?

பதில்:

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்கிறேன். அந்தச் சீட்டைக் கொடுக்காதீர்கள். ஐயாயிரத்துக்கும் கொடுக்காதீர்கள், ஐம்பதாயிரத்துக்கும் கொடுக்காதீர்கள். மருந்தின் பெயர், அளவு, வேளை, கிளினிக்கின் பெயர் எல்லாம் ஒரே தாளில் இருக்கின்றன. டாக்டரின் கையெழுத்து இல்லை என்பதும் அதே தாளில் தெரிகிறது. உங்கள் வழக்கின் முக்கால் பங்கு அந்தத் தாள்தான். அவர்கள் பணத்தோடு சீட்டையும் சேர்த்துக் கேட்பதிலிருந்தே அதன் மதிப்பு புரியும். இன்றைக்கே நான்கைந்து நகல் எடுத்து, மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, உங்கள் கையால் கொடுத்தது பற்றி. சீட்டில் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி கொடுத்தீர்கள். மருத்துவம் படித்த இடத்திலிருந்து வந்த அறிவுரையை நம்பி நடந்தவரைச் சட்டம் குற்றம் சொல்லாது. அளவை நீங்களாகக் கூட்டியிருந்தால் கதை வேறு. அப்படி ஏதாவது நடந்திருந்தால் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; எதிர்த்தரப்பு கேட்டு அங்கே தெரிய வரக்கூடாது.

இது ஏன் வலுவான வழக்கு என்று சொல்கிறேன். சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே எந்த டாக்டரும் கவனக்குறைவானவர் ஆகிவிட மாட்டார். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல், அந்தத் தொழிலில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் இதைச் செய்திருப்பாரா என்பது. மனித டாக்டர்கள் விஷயத்தில் சொன்னதுதான், ஆனால் கால்நடை மருத்துவருக்கும் அதே கேள்விதான் வரும். இரண்டு விதமான சிகிச்சை முறைகள் இருந்து, டாக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்றால் அவர் தப்பிவிடுவார். பூனைக்குப் பாராசிட்டமால் அப்படிப்பட்ட விஷயமே அல்ல. மனித உடலைப் போல அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை. மருந்து நஞ்சாகி, ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனை இழக்கிறது. நீங்கள் பார்த்த பழுப்பு ஈறும் முக வீக்கமும் அதன் அடையாளங்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே ஆபத்து தொடங்கிவிடலாம். நான்கு கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு 60-ஐத் தாண்டுகிறது. பூனைக்கு இதைத் தரவே கூடாது என்பது கால்நடை மருத்துவம் படிக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

இரண்டாவது தவறும் ஒன்று இருக்கிறது, என் கணக்கில் அது இன்னும் கனமானது. பத்து மணிக்கு நீங்கள் படம் அனுப்பினீர்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு, அசெட்டில்சிஸ்டீன். எவ்வளவு சீக்கிரம் தருகிறோமோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்க வாய்ப்பு. ‘உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில் ‘அலர்ஜி’ என்று சொல்லி ஒரு பகல் முழுவதையும் வீணாக்கினார்கள். தாமதமாகக் கொண்டுபோனீர்கள் என்று நாளைக்கு அவர்கள் வாதாடினால், அந்தக் குரல் பதிவுதான் பதில். அதை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு மின்னணு ஆதாரங்களுக்குக் கேட்கும் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது.

‘பையன் தப்பாகக் கேட்டுவிட்டான்’ என்கிறாரே, அது அவரைக் காப்பாற்றாது. தன் கிளினிக்கில் வேலை செய்பவர் வேலைநேரத்தில் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு. அதோடு, 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 30-ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் மருத்துவம் பார்க்கலாம். டிப்ளமா படித்தவர்கள் சில சிறு சேவைகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம், அதுவும் டாக்டரின் மேற்பார்வையில். பூனையைக் கண்ணால் பார்க்காமல் போனில் மருந்து சொன்னதையும், சீட்டு எழுதும் வேலையைக் கம்பவுண்டரிடம் விட்டதையும் அந்த ஒரே வாக்கியத்தில் டாக்டரே ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் அதை உங்களிடம் எப்படிச் சொன்னார்? மெசேஜ் என்றால் பத்திரம். நேரில் என்றால் தேதி, நேரம், உடன் இருந்தவர் பெயர் எல்லாம் குறித்து வையுங்கள்.

சரி, எங்கே போவது? பாலக்காட்டிலேயே வழக்குப் போடலாம். எல்லையோரத்தில் வாழும் நம்மில் பலருக்கு இது தெரியாது. வாளையார், கோபாலபுரம் தாண்டினால் வேறு மாநிலம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவு, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே தாக்கல் செய்ய இடம் தருகிறது. பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. இப்போது கிளினிக்காரர்தான் பாலக்காட்டுக்கு வர வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் செய்யலாம். மனுவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ தயாரித்து, சீட்டில் தமிழ் இருந்தால் மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், ஜிபே பதிவே பணம் கட்டியதற்குச் சான்று. (ஊர் மிருகாசுபத்திரியில் இலவசமாகக் காட்டியிருந்தால் இந்த வழி கிடைத்திருக்காது. எல்லோருக்கும் இலவசமாகத் தரும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.)

பிரேதப் பரிசோதனை செய்யாமல் புதைத்துவிட்டீர்கள். குறைதான், ஆனால் வழக்கை முடித்துவிடும் குறை அல்ல. இத்தனை நாள் கழித்துத் தோண்டி எடுப்பதில் எந்தப் பயனும் இல்லை, குட்டனை அப்படியே விட்டுவிடுங்கள். உங்களுக்கு மண்ணுத்தி ஆவணங்கள் இருக்கின்றன. அங்கே போய், சேர்த்த நேரம், அப்போதிருந்த நிலை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், கொடுத்த மருந்துகள், இறந்த நேரம் எல்லாம் அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். ‘அந்த டாக்டர் செய்தது தப்பு என்று எழுதித் தாருங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். சக டாக்டருக்கு எதிராக எழுத யாரும் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில் கொடுக்க வேண்டிய பதிவையும் தாமதப்படுத்துவார்கள். பதிவு போதும். தவறு வெளிப்படையாகத் தெரியும்போது நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மலேரியாவுக்குப் பதில் டைபாய்டுக்கு மருந்து கொடுத்த, ஹைதராபாத் மருத்துவமனை ஒன்றின் வழக்கு அது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிச் சந்தேகத்தோடு ஓர் உயிர் போனால், எவ்வளவு மனம் கேட்காவிட்டாலும் உடனே புதைக்காதீர்கள். ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக வைத்து (ஃப்ரீசரில் உறையவிடக்கூடாது, திசுக்கள் கெட்டுவிடும்), அன்றே அரசு கால்நடை மருத்துவமனையிலோ கால்நடைக் கல்லூரியிலோ பரிசோதனை கேளுங்கள்.

போலீஸ் வழி வேண்டாம் என்பேன். கவனக்குறைவால் மரணம் என்ற குற்றம் மனித உயிருக்கு மட்டும்தான். விலங்கைக் கொல்வது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களுக்கான சட்டம்) 325-ஆம் பிரிவுக்கு, கேடு செய்யும் எண்ணமோ கேடு விளையும் என்ற அறிதலோ இருந்ததாகக் காட்ட வேண்டும். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் வேண்டுமென்றே மருந்து கொடுத்ததைத்தான் கேட்கிறது. அவர்கள் அலட்சியமாக இருந்தார்கள், கொல்ல நினைக்கவில்லை. பொருந்தாத புகார் கொடுத்து அது தள்ளுபடியானால், அந்தக் காகிதத்தையே உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் கிளினிக் பெயரைப் போட்டு எழுதுவதையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். உண்மையே ஆனாலும் அவதூறு வழக்கு என்று ஒரு பக்கம் இழுத்தடிப்பார்கள்.

அதற்குப் பதில், தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு புகார் எழுதுங்கள். டாக்டர் அங்கே பதிவு பெற்றவரா என்பதும் அப்போது தெரியும். கவுன்சில் உங்களுக்கு நஷ்டஈடு தராது, ஆனால் டாக்டர் இல்லாத நேரத்தில் கம்பவுண்டர் மருந்து எழுதும் பழக்கத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அடுத்த வாரம் இன்னொருவர் தன் பூனையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போகப்போகிறார். அதனால் இந்தப் புகாரை விட்டுவிடாதீர்கள்.

பணம் எவ்வளவு கிடைக்கும்? உண்மையைச் சொல்கிறேன், பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். நாட்டுப் பூனைக்கு விலை என்ன என்று எதிர்த்தரப்பு கேட்கும். கிளினிக்குக்குக் கட்டியது, மண்ணுத்திச் செலவு, வண்டி வாடகை ஆகியவற்றை ரசீதோடு கேளுங்கள். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டில் சிரிப்பவர்களிடம், நான்கு வருடம் கூடவே இருந்த ஓர் உயிருக்காக 450 ரூபாய் கொடுத்து வாங்கிய சேவையில் நடந்த தவறு இது என்று சொல்லுங்கள். பூனை என்பதால் சட்டம் கதவை மூடவில்லை.

முதலில் டாக்டருக்கும் கிளினிக்குக்கும் சேர்த்து, 15 நாள் அவகாசம் தந்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் அவர்கள் தரும் பதிலில் மேலும் ஏதாவது ஒப்புக்கொள்வார்கள். சமரசத்துக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தவறு நடந்தது என்று அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும், பணம் வங்கி வழியாக வர வேண்டும், மூலச் சீட்டு உங்களிடமே இருக்க வேண்டும். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் பணம் வருவதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

கம்பவுண்டர் கொடுத்த மாத்திரையில் மிச்சம் இருக்கும் அல்லவா? இரண்டு வேளைதான் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அட்டையும் நறுக்கிய பாதி மாத்திரையும் அலமாரியில் கிடந்தால், தூக்கிப் போடாமல் சீட்டோடு சேர்த்து அதே உறையில் வைத்துவிடுங்கள்.