‘மெர்சி’ என்றால் தட்டு நகர்ந்துவிடும்

தம்பி, புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அலுவலக நண்பர் ‘அபெரோ’வுக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறார், எத்தனை மணிக்குப் போவது, என்ன வாங்கிக்கொண்டு போவது, விரதத்தையும் குடிக்கமாட்டோம் என்பதையும் எப்படிச் சொல்வது, பிறகு அவர்களை நாம் அழைத்தால் என்ன சமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரிலிருந்து பாரீஸுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் கடலூர் முதுநகரில் பிறந்து, புதுச்சேரியில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டில் வாழ்க்கைப்பட்டு, 1994இல் பாரீஸுக்கு வடக்கே சார்செல்லுக்குப் போனவள். பணி ஓய்வுக்குப் பிறகு வருடத்தில் சில மாதங்கள் இங்கே முத்தியால்பேட்டையில். உங்கள் கேள்வியைத் திண்ணையில் உட்கார்ந்து படித்தபோது, “ஏன் அண்ணி தனியாகச் சிரிக்கிறீர்கள்?” என்று நாத்தனார் கேட்டாள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அபெரோ சாப்பாடு அல்ல. ஒரு கோப்பை பானம், கொறிக்க ஏதாவது, பேச்சு, அவ்வளவுதான். ‘அபெரோ தினத்துவார்’ என்று சொல்லியிருந்தால் மட்டும், கொறிப்பதிலேயே வயிறு நிரம்பும். எங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வடலூர்த் தருமசாலையில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரியும் மாவட்டத்துக்காரர்கள் நாம். பொழுது சாய்ந்து வந்தவரைச் சோறு போடாமல் அனுப்புவார்கள் என்று யாருக்குத் தோன்றும்? முதல் வருடம் ஒரு வீட்டில் ஆலிவ் காய்களைத் தின்றுகொண்டு ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தோம். சமையலறையிலிருந்து வாசனை ஏதும் வரவில்லை என்பதை என் வீட்டுக்காரர்தான் முதலில் கவனித்தார். நண்பரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏழு என்றால் ஏழேகாலுக்குப் போங்கள். முன்னால் மட்டும் போகாதீர்கள். காலணியைக் கழற்றுவதா என்று வாசலிலேயே கேளுங்கள். பல வீடுகளில் கழற்ற மாட்டார்கள். கன்னத்தோடு கன்னம் வைப்பது உங்கள் மனைவிக்குக் கூச்சமாக இருந்தால் முந்திக்கொண்டு கையை நீட்டிவிடட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். ஒருமுறை இராச்சாப்பாட்டுக்கே அழைத்திருந்தார்கள். பாலாடையில் அடுக்கி, மேலே பொன்னிறமாக முறுகிய உருளைக்கிழங்கு கிராதேன். அந்த வீட்டு அம்மா தட்டை என் முன்னால் நீட்டி, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றார். எனக்குப் பசி. ஆனால் கேட்டவுடன் ‘போடுங்கள்’ என்று சொல்கிற வளர்ப்பா நம்முடையது? முதல் முறை வேண்டாம், இரண்டாம் முறை ‘ஐயோ போதும்’, மூன்றாம் முறை அவர்களே போட்டுவிட வேண்டும். ஆகவே சிரித்துக்கொண்டே “மெர்சி” என்றேன். தட்டு பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டது. திரும்பி வரும், வரும் என்று பார்த்தேன். பாலாடைக்கட்டிதான் வந்தது. அன்று இரவு பதினொன்றரைக்கு என் சமையலறையில் நின்றபடியே பழைய சோறும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டேன்.

நீட்டிய தட்டுக்கு எதிரில் வெறும் ‘மெர்சி’ என்றால் ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டும் என்றால் “வி, வோலோந்தியே” என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்னவரை மறுபடி வற்புறுத்துவது, அவர் சொல்லை நம்பவில்லை என்பது போல அவர்களுக்கு. இது கஞ்சத்தனம் என்று நான் இரண்டு வருடம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்புதான்.

இதனால் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. பழச்சாறு போதும் என்று ஒருமுறை சொன்னால் போதும், யாரும் ‘ஒரு வாய்’ என்று கெஞ்ச மாட்டார்கள். (ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியைத் தாண்டி யார் புதுச்சேரிக்குப் போனாலும் எதற்கு என்று கண்ணடிக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.) விரதத்தை மட்டும் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். ‘சைவம்’ என்று நிறுத்தாமல் இறைச்சி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மீன் சைவத்தில் சேர்த்தி என்று நினைப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பூ வாங்கினால் ஒரு எச்சரிக்கை. அக்டோபர் நடுவில் பூக்கடை வாசலெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகச் சாமந்தித் தொட்டிகள் நிற்கும். நம் கை தானாக அதற்குத்தான் போகும். வேண்டாம். நவம்பர் 1 அன்று கல்லறைகளில் வைப்பதற்கு வந்த பூ அது. 1954இல் ஆட்சி கைமாறிய அதே நாளைப் புதுச்சேரியில் விடுதலை நாள் என்று கொடியேற்றிக் கொண்டாடுகிறோம். அங்கே சாமந்தியோடு மயானத்துக்குப் போகிறார்கள். வைன் வாங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை, கொடுத்தாலும் அன்றே திறக்காமல் எடுத்து வைக்கலாம். என்னைக் கேட்டால், ஊரிலிருந்து கொண்டுவந்த பண்ருட்டி முந்திரி மிச்சமிருந்தால் மிளகும் உப்பும் போட்டு வறுத்து ஒரு கண்ணாடிப் புட்டியில் கொடுங்கள். அபெரோ மேசையில் முந்திரிக்கு என்றும் இடமுண்டு. உங்கள் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பார்கள், திகைக்காதீர்கள்.

அவர்களை நீங்கள் அழைக்கும்போது தொல்லை தலைகீழாக வரும். எங்கள் மேல்வீட்டில் ஒரு வயதான தம்பதி. காலைச் சிற்றுண்டிக்கு அழைத்தேன். தட்டில் மிச்சம் வைப்பது மரியாதையல்ல என்று வளர்ந்தவர் அந்தப் பெரியவர். தட்டு காலியானால் போட வேண்டும் என்று வளர்ந்தவள் நான். அவர் தின்று முடிக்க, நான் வைக்க, ஒன்பதாவது இட்லியில் என் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து, “இதை நிறுத்த ஏதாவது வழி உண்டா?” என்று மெல்லக் கேட்டிருக்கிறார். அடுத்த முறை பாரீஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷபேலில் வாழையிலை வாங்கிவந்து, போதும் என்றால் இலையை மூடிவிட வேண்டும் என்று பரிமாறும் முன்பே கற்றுக்கொடுத்தோம். முதல் ஆளாக மூடினார்.

சமையலில் புதிதாக எதுவும் முயல வேண்டாம், நம் குழம்பே போதும். அன்று மீன் குழம்புக்கு வடகம் தாளித்தேன். வாசம் வந்ததும் அந்த மனிதர் “வதுவான்!” என்று எழுந்து மாடிக்கு ஓடி ஒரு சின்னப் புட்டியோடு வந்தார். நம் வடகம்தான், பிரெஞ்சுப் பெயரோடு பொடியாக உட்கார்ந்திருந்தது. அப்போது எங்களோடு இருந்த மாமியார் அதை மோந்து பார்த்துவிட்டு, “ஆமணக்கெண்ணெய் போடவில்லையே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கையால் சாப்பிடுங்கள், அவர்களுக்கு முள்கரண்டி வைத்துவிடுங்கள். அம்மாவிடம் நெய்யும் பால்கோவாவும் கேட்காதீர்கள். பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து பெட்டியில் கொண்டுவரத் தடை இருக்கிறது. வடகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நாத்தனார் சித்திரை வெயிலில் காயவைத்தது ஒரு டப்பா, அடுத்த மாதம் என்னோடு வருகிறது. நான்கு உருண்டை மேல்வீட்டுக்காரருக்கு. உங்களுக்கும் எடுத்து வைக்கட்டுமா? யோசித்துச் சொல்லுங்கள், தம்பி. முப்பது வருடம் அங்கே இருந்துவிட்டேன், நானும் இப்போது ஒரு முறைதான் கேட்கிறேன்.